“அப்படியே இதையும் பண்ணிக் குடுத்துடுங்க”: தையல் கடையில் கூடுதல் வேலைக்கு விலை வைப்பது எப்படி?

ஜாக்கெட் தைக்க எவ்வளவு கூலி என்பதில் பெண்கள் தையல் கடைகளில் பெரிய தகராறு வருவதில்லை. ஒரு தெருவில் நாலு கடை இருந்தால் நாலிலும் ஏறக்குறைய ஒரே கூலிதான். முகம் சுளிப்பதும், “இதுக்கெல்லாமா தனியா காசு?” என்ற கேள்வியும் அதற்கு அப்புறம்தான் வரும். புடவையின் அடி ஓரத்தில் உள்பக்கம் வைக்கும் ஃபால்ஸ் துணி, ஓரம் பிரியாமல் அடிக்கும் பீக்கோ தையல், முதுகில் கட்டும் ஒரு நாட் (கயிறு), அந்த நாட்டின் நுனியில் இரண்டு குஞ்சம், அக்குள் பக்கம் கொஞ்சம் லூஸ், கையில் ஒரு இன்ச் குறைப்பு, போன வருஷம் தைத்த ஜாக்கெட்டில் பிய்ந்துபோன ஒரு ஹூக். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன வேலை. கடை மூடும் நேரத்தில் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு ஜாக்கெட் தைக்கிற நேரம் அதில் போயிருக்கும்.

இதைக் கடைக்காரர்கள் இரண்டு விதமாகக் கையாள்கிறார்கள். ஒரு சாரார் எல்லாவற்றையும் சும்மா செய்து கொடுத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மெஷினில் உட்கார்ந்து புலம்புவார்கள். மற்றவர்கள் ஆர்டர் எடுக்கும்போது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, டெலிவரி கொடுக்கும்போது “லைனிங் தனி, ஹூக் தனி, நாட் தனி” என்று கூட்டி எழுதுவார்கள். பார்க்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டு இடத்திலும் கோளாறு ஒன்றுதான்: கத்தரி வைப்பதற்கு முன்னால் விலை பேசப்படவில்லை. துணி வெட்டிய பிறகு வாடிக்கையாளரால் “வேண்டாம்” என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் கேட்கிற முப்பது ரூபாயும் பிடுங்கியதாகத்தான் தோன்றும். அதே முப்பது ரூபாயை அளவு எடுக்கும்போது சொன்னால், பாதிப் பேர் “சரி, வெச்சிடுங்க” என்பார்கள்; மீதிப் பேர் வேண்டாம் என்பார்கள். யாருக்கும் கோபம் வராது.

ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு?

கூடுதல் வேலைக்கு விலை வைக்கப் பலரும் பக்கத்துக் கடையைப் பார்க்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரரும் இவரைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். அதைவிட உங்கள் கடையின் ஒரு நிமிடம் எவ்வளவு பெறும் என்று முதலில் கணக்குப் போடுவது உதவும்.

ஒரு மாதிரிக் கணக்கு. கடை வாடகை, கரண்ட் பில், நூல், ஊசி, மெஷின் எண்ணெய், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 13,000 ரூபாய் என்று வைப்போம். கட்டிங் செய்து, அளவு எடுத்து, கடையைப் பார்த்துக்கொள்ளும் உரிமையாளர் தனக்கென்று 22,000 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். ஆக 35,000. மாதம் 26 நாள் வேலை. கடை பத்து மணி நேரம் திறந்திருந்தாலும், பேச்சு, சாப்பாடு, கரண்ட் கட், நூல் தேடுவது எல்லாம் போக உருப்படியாக நடக்கும் வேலை ஆறு மணி நேரம் என்று வைத்தால் மாதத்துக்கு 9,360 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ரூ.3.75 அளவில் வரும். பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்று, தைக்கும் ஆட்களின் கூலி இதில் சேரவில்லை. அது அந்தந்த உருப்படியின் மேல் தனியாக ஏறும். உங்கள் கடையின் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதுதான்.

தனக்கென்று சம்பளம் எழுதாமல் கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கும் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான்: வாடகை இல்லை, ஆள் இல்லை, ஆகவே செலவும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் எந்தச் சின்ன வேலையும் இலவசமாகத்தான் தெரியும்.

இனி ஒரு வேலையை எடுத்து அளப்போம். லைனிங் இல்லாத காட்டன் ஜாக்கெட்டைப் பக்கவாட்டில் லூஸ் செய்ய வேண்டும். தையலைப் பிரித்து, மறுபடி அடித்து, நூல் வெட்டிக் கொடுக்கப் பத்து நிமிடம், அதாவது ரூ.37.50. லைனிங் வைத்த பட்டு ஜாக்கெட் என்றால் கதையே வேறு. கை நுனியில் தொடங்கும் பக்கவாட்டுத் தையல் அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டமாக வரும். அதன்மேல் துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் தையல் இருக்கும். இடுப்பு மடிப்பு அந்தத் தையலை மூடி எம்மிங் (மடித்துக் கையால் தைப்பது) செய்யப்பட்டிருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் மடிப்பைக் கொஞ்சம் திறந்தாக வேண்டும். அக்குளில் தையல்கள் குறுக்கே சந்திக்கிற இடத்தில் பிளேடு வைத்துப் பிரிக்கும்போது பட்டில் கீறல் விழாமல் பார்க்க வேண்டும். திரும்ப அடிக்கும்போது லைனிங்கும் பட்டும் நகராமல் பிடிக்க வேண்டும். பழகிய கைக்கே அரை மணி நேரம் ஆகும். ரூ.112. இதற்கு முப்பது ரூபாய் வாங்குகிற கடை ஒவ்வொரு தடவையும் எண்பது ரூபாயைக் கையிலிருந்து போடுகிறது.

அதற்காக ஆல்ட்ரேஷனுக்கு 112 ரூபாய் கேட்டால் யாரும் தரமாட்டார்கள் என்பதும் உண்மைதான். அங்கேதான் அடுத்த யோசனை வருகிறது.

எதைக் கூலிக்குள் வைப்பது, எதைத் தனியாக எழுதுவது

வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கிற வேலை தனியாக நிற்கக் கூடாது. தையல் கூலிக்குள் போய்விட வேண்டும். சிலர் மட்டும் கேட்கிற வேலை தனி. கடையின் தவறால் வருகிற வேலைக்கு எந்தக் காலத்திலும் காசு இல்லை. இந்த மூன்று பிரிவும் தெளிவாக இருந்தால் பாதி வாக்குவாதம் நின்றுவிடும்.

பெரும்பாலோர் கேட்காவிட்டாலும், டெலிவரிக்குப் பிறகு வரும் சின்னச் சரிசெய்தலையும் முதல் பிரிவில் போடலாம். பத்து ஜாக்கெட்டில் மூன்று திரும்பி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 12 நிமிடம் என்று வைத்தால் 36 நிமிடம், ரூ.135. பத்துக்கும் பங்கு போட்டால் ஜாக்கெட்டுக்கு ரூ.13.50. தையல் கூலியில் 15 ரூபாய் ஏற்றிவிட்டு, “15 நாளுக்குள் கொண்டுவந்தால் ஒரு தடவை லூஸ், டைட் இலவசம்” என்று போர்டில் எழுதிவிடலாம். வாடிக்கையாளருக்கு அது சலுகை. கடைக்கோ முன்பே வாங்கிய பணம். 15 நாள் என்ற எல்லை முக்கியம். அது இல்லாவிட்டால் இரண்டு வருஷத்துக்கு முன் தைத்த ஜாக்கெட் “நீங்க தைச்சதுதான்” என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கும்.

லைனிங் இன்னொரு வகை. இன்று பட்டுப் புடவை ஜாக்கெட்டை லைனிங் இல்லாமல் தைக்கச் சொல்கிறவர்கள் குறைவு. அப்படியிருக்க, லைனிங் இல்லாத ஜாக்கெட்டின் கூலியை மட்டும் பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வைப்பது ஒரு தந்திரம். உள்ளே வந்தவர் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டுப் போகும்போது, போர்டைப் பார்த்து ஏமாந்ததாகத்தான் நினைப்பார். ‘சாதா ஜாக்கெட்’, ‘லைனிங் ஜாக்கெட்’ என இரண்டு கூலியையும் ஒரே அளவு எழுத்தில் போடுவதே நேர்மை. லைனிங் துணி யாருடையது என்பதும் அந்த வரியிலேயே இருக்கட்டும். கடைத் துணி என்றால் துணி விலையைத் தனியாகக் காட்டுங்கள். வாடிக்கையாளரே கொண்டுவந்தால் அதை ஊறவைத்துக் காயவைக்கும் வேலை யாருடையது என்று கேட்டு எழுதுங்கள். காட்டன் லைனிங்கை நனைக்காமல் வெட்டித் தைத்தால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி உள்ளிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் நிற்கும். பழி தைத்தவர் மேல்தான் விழும்.

ஃபால்ஸ், பீக்கோ, குஞ்சம் மூன்றும் சந்தேகமே இல்லாமல் தனி வேலை. புடவை ஜாக்கெட்டோடு சேர்ந்து வருவதால் அதுவும் சேர்ந்ததுதான் என்று சிலர் நினைப்பார்கள். ஃபால்ஸ் துணி ஏறக்குறைய 5 இன்ச் அகலம், இரண்டரை மீட்டருக்கு மேல் நீளம். அடி விளிம்பு ஒரு தையல், மேல் விளிம்பு ஒரு தையல்: ஐந்து மீட்டருக்குக் குறையாமல் ஓட வேண்டும். பட்டு என்றால் மேல் விளிம்பைக் கையால்தான் எம்மிங் போட வேண்டும். புடவையின் ஓரிரு இழையை மட்டும் ஊசியில் எடுத்தால்தான் முன்பக்கம் புள்ளி தெரியாது. இந்தத் துணியையும் நனைத்து இஸ்திரி போட்ட பிறகே வைக்க வேண்டும். அடி விளிம்பில் கொஞ்சம் இழுத்து அடித்துவிட்டால், கட்டும்போது கொசுவம் கணுக்கால் பக்கம் சுருண்டு நிற்கும். கைத்தையல், மெஷின் தையல் இரண்டுக்கும் ஒரே விலை போடுகிற கடையில், பட்டுப் புடவைக்கும் மெஷின் தையல்தான் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டுக்கும் தனித்தனி விலை வைத்து, எது வேண்டும் என்று கேளுங்கள்.

ஐந்து நிமிட வேலைக்கு ஏன் பன்னிரண்டு நிமிடம்

சின்ன வேலையின் உண்மையான செலவு அந்த வேலையில் இல்லை. நடந்துகொண்டிருந்த வேலை நிற்கிறது. செலவு அங்கே இருக்கிறது. மெஷினில் மெரூன் நூல் ஓடுகிறது. ஒருவர் பச்சை ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, “ஒரே ஒரு தையல்தான் அண்ணா, நின்னு வாங்கிட்டுப் போயிடறேன்” என்கிறார். மேல் நூல் மாற்ற வேண்டும், அடிநூல் சுற்றிய பாபின் மாற்ற வேண்டும். துணி தடிமனாக இருந்தால் 11-ஆம் நம்பர் ஊசியைக் கழற்றி 14 போட வேண்டும். நூலின் டென்ஷன் (இறுக்கம்) சரிபார்க்க ஒரு துண்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தைத்து முடித்ததும் எல்லாவற்றையும் பழையபடி திருப்ப வேண்டும். பாதியில் விட்ட மெரூன் ஜாக்கெட்டில் எந்தப் பக்கம் முடிந்தது என்று மறுபடி பார்க்கும்போதுதான் இடது கை வலது பக்கம் ஏறுகிற தவறெல்லாம் நடக்கிறது.

அதனால் ஆல்ட்ரேஷனுக்கு இரண்டு விலை வைப்பது நியாயம். விட்டுவிட்டுப் போய் நாளை வாங்கிக்கொண்டால் ஒரு விலை. நின்று வாங்கிப் போனால் அதைப்போல் இரண்டு மடங்கு. விட்டுப்போனவற்றை நிறம் பார்த்து அடுக்கி, மதியம் கூட்டம் குறைந்த ஒரு மணி நேரத்தில் சேர்த்துச் செய்தால் நூல் மாற்றும் வேலை பாதியாகக் குறையும். இரண்டு விலையையும் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அவசரமில்லாத அவசரம் அதிலேயே வடிந்துவிடும்.

வேலையை முதலிலேயே குறைக்கவும் வழி இருக்கிறது. பக்கவாட்டில் ஒன்று ஒன்றரை இன்ச் துணி உள்ளே விட்டு, அளவுத் தையலுக்கு வெளியே கால் இன்ச் இடைவெளியில் இன்னும் இரண்டு வரிசை தையல் ஓட்டி, அதற்கும் வெளியே ஓவர்லாக் அடித்துவிட்டால் போதும். பிறகு டைட் என்று வந்தால் உள்வரிசையை மட்டும் பிரித்தால் சரி. ஒரு பக்கத்துக்கு முன்துணி, பின்துணி என இரண்டு, ஆக இரண்டு பக்கத்துக்கும் நாலு. கால் இன்ச் வீதம் மொத்தம் ஒரு இன்ச் லூஸ் கிடைக்கும். தைக்கும்போது இரண்டு நிமிடம் கூட ஆகும், பிறகு அரை மணி நேரம் மிச்சம். வாடிக்கையாளரே வீட்டில் பிரித்துக்கொள்ளலாம். ஒரு குறை உண்டு: மெல்லிய பட்டிலும் டிஷ்யூவிலும் பிரித்த வரிசையின் ஊசித் துளை தெரியும். அப்படிப்பட்ட துணியில் அளவை இருமுறை பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெட்டிய பிறகு மனம் மாறினால்

ஆர்டர் கொடுத்துப் போனவர் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார். “கழுத்து இந்த மாதிரி வெச்சிடுங்க.” இதற்கு விலை சொல்வதற்கு முன் முடியுமா என்று பார்க்க வேண்டும். வெட்டிய துணியில் குறைக்கலாம், கூட்ட முடியாது. 7 இன்ச் இறக்கக் கழுத்தை 8 ஆக்கலாம். 8-ஐ 7 ஆக்க ஒட்டுப் போட வேண்டும். கையைக் குட்டையாக்கலாம், நீளமாக்க மடிப்புக்குள் துணி இருக்க வேண்டும். சரிகைக் கரை வைத்த கை என்றால் குட்டையாக்குவதும் சிக்கல்தான், கரையை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். சாதாக் கட்டிங்கை வெட்டிய பிறகு நீளவாக்கில் துண்டுகளாக வெட்டி இணைக்கும் பிரின்சஸ் கட் கேட்டால் புதுத் துணிதான். புடவையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர். இரண்டாவது வாய்ப்பு அதில் கிடையாது.

ஆகவே மூன்று கட்டமாக விலை சொல்லலாம். வெட்டுவதற்கு முன் மாற்றினால் காசு இல்லை, டிசைன் கூலி வித்தியாசம் மட்டும். வெட்டியபின், தைக்கும் முன் என்றால் மாற்றும் கூலி. தைத்த பிறகு என்றால் பிரிக்கும் கூலியும் சேரும். “எப்போ வெட்டுவீங்க?” என்ற கேள்விக்கு ஒரு தேதி சொல்லுங்கள். பில்லில் ‘கட்டிங்: வியாழன்’ என்று எழுதிக் கொடுத்தால், புதன் இரவு வரும் படத்துக்கு மனஸ்தாபம் இல்லை, வெள்ளி வரும் படத்துக்கு விவாதம் இல்லை.

வாட்ஸ்அப் கேட்பில் இன்னொரு பொறி இருக்கிறது. செய்தி உரிமையாளரின் போனில் கிடக்கும். மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. “சரிம்மா” என்று பதில் போட்டதோடு மறந்துபோய், ஜாக்கெட் பழைய அளவில் தைத்து வரும். அப்புறம் பிரிக்கிற வேலை கடையின் தலையில். பதில் இப்படி இருக்கட்டும்: “பண்ணலாம்மா. வெட்டிட்டோம், அதனால மாத்த 80 ரூபா ஆகும். சரின்னு போட்டீங்கன்னா ஆரம்பிச்சிடறோம்.” சரி என்று வந்தவுடன் துணிப்பையில் குத்தியிருக்கும் பில்லின் கடைப் பிரதியில் சிவப்புப் பேனாவில் எழுத வேண்டும். போனில் மட்டும் இருக்கிற ஆர்டர் ஆர்டரே இல்லை.

தவறு யாருடையது?

“டைட்டா இருக்கு” என்று வருகிற ஜாக்கெட்டுக்கு மூன்று காரணம் இருக்கலாம்: கடை தவறாகத் தைத்தது, உடம்பு மாறியது, அளவுக்காகக் கொடுத்த பழைய ஜாக்கெட்டே சரியில்லாதது. வாய்ச்சண்டையில் இது தீராது, டேப்பில் தீரும். வந்த ஜாக்கெட்டை மேசையில் விரித்து மார்பு, இடுப்பு, கைச்சுற்று மூன்றையும் அளந்து, பில்லில் எழுதிய அளவோடு வாடிக்கையாளர் கண்முன் ஒத்துப்பாருங்கள். கால் இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கடையின் தவறு. காசைப் பற்றிப் பேசவே கூடாது. முடிந்தால் அன்றே முடித்துக் கொடுக்க வேண்டும். அளவு ஒத்துப்போனால், 15 நாளுக்குள் ஒரு தடவை இலவசம் என்றது மீதி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கூலி.

இது நடக்க ஆர்டர் எடுக்கும்போதே ஒரு கேள்வி தேவை: “அக்கா, இந்த அளவு ஜாக்கெட் இப்போ போட்டா கரெக்டா இருக்கா? எங்கயாவது பிடிக்குதா?” பழைய ஜாக்கெட் பல சலவை கண்டு தளர்ந்திருக்கும், அல்லது இரண்டு தடவை பிரித்துத் தைத்ததாக இருக்கும். பதிலை எழுதிக்கொள்ளுங்கள்: ‘அளவு ஜாக்கெட்டைவிட மார்பு அரை இன்ச் லூஸ்.’ அந்த ஒரு வரி பிறகு பெரிய சாட்சி.

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செய்த சேவைக்கு உரிய முறையில் ரசீது தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதில் வரும்; ரசீதில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. ரசீதின் அடியில் ‘எதற்கும் கடை பொறுப்பல்ல’ என்று அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை படிப்பது நல்லது. ஹோட்டல் பில்லில் தானாகச் சேரும் சர்வீஸ் சார்ஜ் விவகாரமும் இதற்குத் தூரத்து உறவுதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதற்கு எதிராக வழிகாட்டுதல் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அந்த உத்தரவு உணவகங்களுக்கானது, தையல் கடைக்கு இல்லை. ஆனாலும் கேட்காமல் சேர்க்கும் தொகையைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தைப்பவருக்கும் ஒரு ரேட்

கூடுதல் வேலை தேங்கிப்போக முக்கியக் காரணம் ஒன்று உண்டு. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும், ஆல்ட்ரேஷனுக்கு இருக்காது. வாடிக்கையாளரிடம் வாங்காத வேலைக்கு அவருக்கு மட்டும் யார் தருவார்கள்? “அப்புறம் பார்க்கலாம்” என்று ஓரம் தள்ளுவார். அவர் மேல் தவறில்லை. அந்த அரை மணியில் அவர் வேறு ஜாக்கெட்டில் சம்பாதிப்பார். கடைசியில் உரிமையாளர் ராத்திரி உட்காருகிறார், அல்லது டெலிவரி தேதி தள்ளிப்போகிறது. விலைப்பட்டியல் போடும்போது ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: வாடிக்கையாளர் தருவது, தைப்பவருக்குப் போவது. இரண்டாவது எண் கடைக்குள் இருக்கும் நோட்டில் மட்டும் இருந்தால் போதும். கடையின் தவறால் திரும்பி வந்ததை அதே ஆளிடம் கூலியில்லாமல் கொடுக்கும் வழக்கம் பல இடத்தில் உண்டு. தவறு கட்டிங்கிலா தையலிலா என்று பார்த்த பிறகே அப்படிச் செய்ய வேண்டும்.

தீபாவளி வாரத்து அர்ஜென்ட்டுக்கும் இதே கணக்கு. அர்ஜென்ட் என்றால் வரிசையில் முன்னால் தள்ளுவது. யாரோ ஒருவர் இரவு கூடுதலாக உட்கார வேண்டும் அல்லது இன்னொருவர் துணி பின்னால் போக வேண்டும். வாங்கும் அர்ஜென்ட் தொகையில் பாதியாவது உட்காருகிறவருக்குப் போகாவிட்டால் வேலை நடக்காது. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று எல்லை வையுங்கள், பண்டிகைக்குச் சில நாள் முன்பே அர்ஜென்ட் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். பணம் வாங்கியும் சொன்ன நேரத்துக்குத் தர முடியவில்லை என்றால் அந்தத் தொகையைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள். “அதான் குடுத்துட்டோமே” என்பது பதில் இல்லை.

பத்து ரூபாய் என்று ஒரு விலை வேண்டாம்

ஒற்றை ஹூக், ஒற்றை பட்டன், தொங்கும் நூல் வெட்டுவது போன்றவற்றுக்குக் காசு கேட்பது வீண். மூன்று நிமிடத்துக்குள் முடியும், பொருள் செலவு ஏதும் பெரிதாக இல்லை, மெஷினில் நூல் மாற்ற வேண்டாம் என்றால் சும்மா செய்து கொடுத்துவிடலாம். பத்து ரூபாய்க்குச் சில்லறை தேடும் நேரம் ஹூக் வைக்கும் நேரத்தைவிட அதிகம். கேட்டதால் வரும் மனக்கசப்போ அதைவிடப் பெரிது. அதற்கு மேல் போனால் குறைந்தபட்சக் கூலி 40 ரூபாய் என்பதுபோல் ஒரு கீழ் எல்லை வையுங்கள். இடையில் பத்து, பதினைந்து, இருபது என்று பேரம் பேச இடம் இருக்கக் கூடாது.

சும்மா செய்தாலும் பில்லில் எழுதுங்கள். ‘ஹூக் 5 மாற்றம் ரூ.40, சலுகை ரூ.40, மீதி 0.’ எழுதாத இலவசம் மூன்றாவது தடவை உரிமையாகிவிடும். பத்து வருஷமாக வருகிற வாடிக்கையாளருக்குச் சலுகை தருவது கடைக்காரரின் இஷ்டம், தரவும் வேண்டும். அவர் தங்கையை அழைத்துவரும்போது அதே வேலைக்குக் கூலி கேட்க வேண்டியிருக்கும். பில்லில் சலுகை என்று இருந்தால் அன்று விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கேட்கும் விதம் பற்றியும் கொஞ்சம். “அது எக்ஸ்ட்ரா” என்று வெட்டிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு மூடிய கதவு. வேலை, தொகை, நாள் மூன்றையும் சேர்த்துச் சொல்லிக் கேள்வியாக முடித்தால் எடுபடும்: “ஃபால்ஸ் வெக்கலாம்கா. கைத்தையல்னா இவ்வளவு, மெஷின்னா இவ்வளவு. சனிக்கிழமை ஜாக்கெட்டோட சேர்ந்து வந்துடும். எழுதிக்கட்டுமா?” அந்த ‘எழுதிக்கட்டுமா’வுக்குப் பிறகு நீங்கள் பேசக் கூடாது. பதில் வரட்டும். உறவுக்காரர்களிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் வாய் வராது என்பவர்கள் விலைப்பட்டியலை மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு, அதைக் காட்டினாலே போதும்.

பில் புக்கில் ‘கூடுதல் வேலை’ என்று மூன்று வரி அச்சடித்து வையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கொடுங்கள். காலியாக விட்ட வரிதான் பிறகு ‘நான் அப்பவே சொன்னேனே’வுக்கு இடம் கொடுக்கும். கார்பன் பிரதியில் துணியின் சின்னத் துண்டு ஒன்றைப் பின் அடித்து வைத்தால், எந்த ஜாக்கெட்டுக்கு என்ன கேட்டார்கள் என்ற குழப்பமும் தீரும்.

வரி விஷயத்தில் ஒன்றே ஒன்று. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாத கடை பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு தொகையைச் சேர்த்து வாங்கக் கூடாது. ஃபால்ஸ், பீக்கோ, ஆல்ட்ரேஷன் காசும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும்.

இதுவரை எல்லாம் சும்மா செய்துவந்த கடை ஒரே நாளில் மாற வேண்டாம். முதல் மாதம் காசு வாங்காமல் நோட்டில் மட்டும் எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை நிமிடம், நூல் மாற்றினீர்களா, யார் தவறு. மாத முடிவில் அடிக்கடி வந்த ஏழெட்டு வேலைக்கு மட்டும் விலை போடுங்கள். நாற்பது வரிப் பட்டியலை யாரும் படிக்கப் போவதில்லை. தீபாவளிக்கு முன்னாலும் முகூர்த்த மாதங்களிலும் ஆரம்பிக்காதீர்கள். ஆடியில் கல்யாண வேலை இருக்காது, பேசவும் நேரம் இருக்கும். பட்டியலின் மேல் தேதியைப் போட்டு, அந்தத் தேதிக்கு முன் கொடுத்த துணிகளுக்குப் பழைய வழக்கம்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.